கரும்பு மெஷின்

ஐப்பசி பிறந்தால் எங்கள் ஊரில் துணி காயாது. கீழே ஒட்டன்சத்திரத்தில் காலை பத்து மணிக்குக் கொடியில் போட்ட வேட்டி மத்தியானச் சோற்றுக்குள் மொடமொடவென்று நிற்கும். அதே வேட்டியை வடகாடு தாண்டி, பரப்பலாறு அணையைக் கீழே விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாச்சலூருக்குக் கொண்டுவந்து போட்டால் மூன்று நாள் ஆகும். மூன்றாம் நாளும் கரைப் பக்கம் சிலுசிலுவென்றுதான் இருக்கும். பழனி மலையின் இந்தக் கீழ்மடிப்பில் காப்பியும் மிளகும் மலைவாழையும் செழிக்கின்றன. அவற்றை வாழவைக்கிற ஈரம்தான் துணிக்கு எமன். வடகிழக்குப் பருவமழை தொடங்கி மார்கழி முடிகிறவரை மஞ்சு வாசலோடு நிற்காது. திண்ணை ஏறி, அடுப்படி வரை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த ஊரில் வெளுக்கிற வீட்டில் பிறந்தவன் நான். முப்பத்தொரு வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது வெயில் அடிக்கிற ஒட்டன்சத்திரத்தில் குடியிருக்கிறேன். என் அப்பத்தா கையில் பிடித்த வேலையைப் பற்றியும், அவள் வாங்கிவந்த ஒரு பொருளைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாள் எண்ணம். அவள் பெயரை எழுதவில்லை. உயிரோடு இருந்தபோதே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாள்.

வண்ணார் வேலை என்றால் அழுக்கு எடுப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அழுக்கை எடுப்பது வெள்ளாவி. சவுக்காரக் கரைசலில் நனைத்த துணியைக் கொதிக்கும் பானையின் வாயைச் சுற்றி அடுக்கி, மூடி, ராத்திரி முழுக்க விறகெரித்தால் ஆவி மடிப்புக்குள் புகுந்து எண்ணெயையும் வியர்வையையும் இளக்கிவிடும். சமவெளியில் அதற்கு உவர்மண் இருந்தது. எங்களுக்கு மலையில் அது கிடையாது. சந்தையிலிருந்து சலவைச் சோடா வாங்கி வருவோம். விடிந்ததும் ஓடைக்குக் கொண்டுபோய்க் கல்லில் நாலு அடி அடித்தால் போதும். மலைவாழைக் கறை மட்டும் போகாது. அதை எந்தச் சாமி வந்தாலும் எடுக்க முடியாது என்பதால் ஊர்க்காரர்களும் கேட்பதில்லை. இந்த வேலைகளை எல்லாம் அப்பத்தா ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டாள். "அடிக்கிறது கை வேலைடா. பிழியிறதுதான் உசுரு வேலை" என்பாள்.

உண்மைதான். துணியில் இருக்கிற தண்ணீரை எடுப்பது அழுக்கை எடுப்பதைவிடக் கடினம். சேலை, வேட்டி என்றால் ஒருத்தியே முறுக்கிவிடலாம். போர்வை, ஜமக்காளம், எஸ்டேட் பங்களாவின் படுக்கை விரிப்பு என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமும் திருக வேண்டும். எட்டு வயதிலிருந்து அந்த இன்னொரு ஆள் நான்தான். தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி அக்குளுக்குள் ஓடும். மார்கழிக் காலையில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. விரலிடுக்குகள் வெடித்து, சோடா பட்டால் எரியும். நாள் முழுக்கப் பிழிந்தவளுக்கு ராத்திரி கை விரல்கள் மூடாது. அப்பத்தா சோற்றைப் பிசைந்து சாப்பிடமாட்டாள், அள்ளிப் போட்டுக்கொள்வாள். இத்தனை பிழிந்தும் துணியில் பாதித் தண்ணீர் இருக்கும். முறுக்கு ஓரளவுக்கு மேல் போனால் நூல் அறுந்துவிடும். வண்ணான் துணியைக் கிழித்துவிட்டான் என்று ஊர் திட்டும். கல்லில் கிழிந்த துணிகளைவிட முறுக்கில் கிழிந்தவை அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும்.

பாடம் நடத்துகிறபோது இரண்டு இடங்களில் மட்டும் நான் பாடத்தை விட்டு வெளியே போய்விடுவேன். ஒன்று குறுந்தொகையின் 330-ஆம் பாட்டு. கழார்க் கீரன் எயிற்றியன் பாடியது. அதில் சலவைக்காரி ஒருத்தி கஞ்சி போட்ட துணியை அடித்துக் குளத்தில் போடுகிறாள். தண்ணீரிலும் பிரியாமல் கிடக்கிற அந்தத் துணியின் முறுக்கைப் போல இருக்கிறதாம் அரும்பு அவிழும் பகன்றைப் பூ. முறுக்கிய துணியை உற்றுப் பார்த்தவர் எழுதியது அது. பூவைப் பார்த்ததும் துணி ஞாபகத்துக்கு வர வேண்டுமானால், துறையில் கொஞ்ச நேரமாவது நின்றிருக்க வேண்டும்.

இன்னொன்று பெரியபுராணத்துத் திருக்குறிப்புத் தொண்டர் கதை. காஞ்சிபுரத்து ஏகாலியர். குளிர்காலத்தில் கந்தை கட்டிய ஒரு கிழவர் வருகிறார். அவருக்கு இருப்பது அந்த ஒரே துணி. பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக இவர் வாக்குக் கொடுக்கிறார். வெளுத்தும் விடுகிறார். அப்புறம் மழை பிடித்துக்கொள்கிறது, விடவே இல்லை. துணி காயவில்லை, கிழவர் நடுங்குகிறார். இவர் துவைக்கிற கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போகிறார். சிவன் கை நீட்டித் தடுக்கிறார். வகுப்பில் எல்லா ஆசிரியரும் இதைப் பக்திக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இது தொழில் கதை. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எங்கள் சங்கடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். அழுக்குப் போகவில்லை என்று ஒரு வண்ணாரும் தலையை மோதிக்கொள்ளமாட்டார். சொன்ன நேரத்துக்குக் காயவில்லை என்றால் மோதிக்கொள்வார். அந்த மழை சமவெளியில் ஒரு நாள் பெய்த மழை. எங்களுக்கு அது மூன்று மாதம்.

சித்திரை, வைகாசியில் அப்பத்தா கொடைக்கானலுக்குப் போவாள். சீசன். கே.சி.பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று மலைக்குள்ளேயே போகிற வழி. எங்கள் பங்காளி வீட்டார் அங்கே நாலைந்து பங்களாக்களுக்கு வெளுத்துக்கொண்டிருந்தார்கள். சீசனில் கை போதாது. கொடைக்கானல் என்ற ஊரே அப்படி உண்டானதுதான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் கீழே வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் 1845-இல் மேலே வந்து சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பிறகு கலெக்டர் வேர் லெவிஞ்ச் 1863-இல் ஏரியை வெட்டுவித்தார். 1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. வந்தவர்கள் துணியை உடுத்தி வந்தார்கள், துணி இருந்தால் வெளுக்க ஆள் வேண்டும். ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏரியை யார் வெட்டியது, படகை யார் கொண்டுவந்தது என்று எழுதுகிறார்கள். நூற்றைம்பது வருடம் அந்தப் போர்வைகளை யார் பிழிந்தது என்று யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை.

ஒரு பங்களாவில் அப்பத்தா அந்த மெஷினைப் பார்த்தாள். காலுள்ள ஒரு பெரிய தொட்டி. கரண்டில் ஓடும். தொட்டிக்குள் துணியை இங்குமங்கும் புரட்டுகிற ஒரு தண்டு. தொட்டியின் தலைக்கு மேலே தனியாக நிற்கிறது ஒரு சட்டம்; அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் உருளைகள். துரைசாணி துணியின் நுனியை உருளைகளுக்கு நடுவில் கொடுத்தாள். மறுபக்கம் அது அப்பளம்போல் தட்டையாக வந்தது, தண்ணீர் முழுக்க இந்தப் பக்கத் தொட்டிக்கே திரும்பி விழுந்தது. தொட்டி, மோட்டார், தண்டு எதுவும் அப்பத்தாவுக்கு ஒட்டவில்லை. "அடிக்கிறதுக்கு எதுக்கு மோட்டாரு, கல்லு இருக்குல்ல. அந்தத் தலைய மட்டும் பாத்தேன்" என்றுதான் பிற்பாடு சொல்வாள்.

அந்தத் தலைக்கு நீளமான கதை இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து படித்தேன். இன்றைய கனடாவின் செயின்ட் ஜான் நகரத்தைச் சேர்ந்த ஜான் டர்ன்புல், பிழியும் உருளைகள் வைத்த துவைப்பு எந்திரத்துக்கு 1843-இல் காப்புரிமை வாங்கினார். மறு வருடமே, 1844-இல், சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். மர உருளை துணியைக் கசக்கும், பொத்தானை நொறுக்கும். ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஆனாலும் விடாமல் அழுத்தும். அதற்கு அடுத்த வருடம் கொடைக்கானலில் முதல் வீடு. மூன்று சங்கதிக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் கிடையாது. ஆனால் மூன்றும் சேர்ந்து ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தன என்பதால் எனக்கு அந்த வருடங்கள் மனப்பாடம்.

1963 என்று நினைக்கிறேன். நான் நாலாம் வகுப்பு. அந்தப் பங்களாக் குடும்பம் ஊரோடு கிளம்பிவிட்டது. கட்டில், பீங்கான், மேசைவிளக்கு எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டி வராந்தாவில் வைத்திருந்தார்கள். வேலை செய்தவர்களை முதலில் கூப்பிட்டுக் காட்டினார்கள். எல்லோரும் கம்பளி கேட்டார்கள். அப்பத்தா பின்கட்டுக் கொட்டகையைக் காட்டினாள். கரண்டு மெஷின் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் ஓடிய கைப்பிழிவான் அங்கே தூசியோடு கிடந்தது. மரச் சட்டம், இரண்டு ரப்பர் உருளை, மேலே இரண்டு திருகாணி, பக்கத்தில் பல்சக்கரமும் கைப்பிடியும், அடியில் தொட்டி விளிம்பைக் கவ்விக்கொள்ள இரண்டு பிடிகள். சட்டத்தில் மங்கிப்போன லாட முத்திரை. நியூயார்க்கின் அமெரிக்கன் ரிங்கர் கம்பெனி தன் சரக்குக்கு அந்த முத்திரையைப் போட்டது என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஆறு ரூபாய். அப்பத்தாவின் சீசன் கூலியில் நல்ல பங்கு அது. ஆறு ரூபாயைக் கொட்டி இரும்பு வாங்கி வந்தாளே என்று தாத்தா இரண்டு நாள் பேசவில்லை.

பழைய போர்வையில் சுற்றித் தலைச்சுமையாகவே கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் தொட்டி கிடையாது. அப்பா ஒரு சில்வர் ஓக் பலகையை இரண்டு கல் தூணில் அறைந்து, பிடிகளை அதில் கவ்வவிட்டு, கீழே பித்தளை அண்டாவை வைத்தார். பழனியில் தைப்பூசத்துக்குப் போய்க் கரும்புச்சாறு குடித்துவந்த பிள்ளைகள் பார்த்தவுடனே பெயர் வைத்துவிட்டார்கள்: கரும்பு மெஷின். சாவுகிறவரை அப்பத்தாவுக்கும் அது கரும்பு மெஷின்தான்.

பார்க்கத்தான் சுலபம். சட்டையை அப்படியே கொடுத்தால் பொத்தான் தெறித்துவிடும். மடித்துப் பொத்தானை உள்ளே வைத்து, மடிப்புப் பக்கத்தை முதலில் கொடுக்க வேண்டும். கால்சட்டைக் கொக்கி ரப்பரைக் கீறிவிடும் என்பதால் அதன்மேல் இன்னொரு துணி. சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நீளவாக்கில் நாலாக மடித்துக் கொடுத்துக்கொண்டே போக, மற்றவர் மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் சேலை உருளையைச் சுற்றிக்கொள்ளும்; அப்புறம் திருகாணியைக் கழற்றிப் பின்பக்கமாகச் சுற்றி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். மெல்லிய துணிக்குத் திருகாணியை இறுக்கலாம், போர்வைக்குத் தளர்த்த வேண்டும். கைப்பிடி சுற்றும்போது ஒரு முனகல் வரும். அது மாறினால் துணி எங்கேயோ குவிந்துவிட்டது என்று அர்த்தம். அப்பத்தா அடுப்படியிலிருந்தே கேட்டு, "நிறுத்துடா, குமியுது" என்பாள். வேலை முடிந்ததும் திருகாணிகளை முழுசாகத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தின இடம் தட்டையாகி, மறுநாள் உருளை நொண்டும். "ரப்பருக்கும் ராத்திரி தூக்கம் வேணும்ல."

முறுக்கிப் பிழிந்தால் மூன்று நாள் காய்ந்த வேட்டி, இதில் போட்டால் மறுநாள் சாயங்காலத்துக்கெல்லாம் தயார். அடுப்புக்கு மேலே மூங்கில் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் சீக்கிரம். துணியில் புகை நாற்றம் ஏறுவதும் குறைந்தது. நூல் அறுவதும் நின்றது. திருகுவதும் அமுக்குவதும் ஒன்றல்ல. எங்கள் சொந்தக்காரர் ஒருவரோடு ஃபோர்ட் கொச்சி டோபிகானாவைப் பார்க்கப் போயிருக்கிறேன். டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கக் கொண்டுபோன தமிழ் வண்ணார்களின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். கிளிப்பே வேண்டாம், காற்றுக்கும் அசையாது. முறுக்கு என்பது எங்கள் ஆட்களின் கையில் அப்படி ஊறிய ஒன்று. அதை விட்டுவிட்டு இரண்டு உருளைக்கு மாறினாளே அப்பத்தா, அது சின்ன விஷயமல்ல.

மெஷின் வந்ததில் ஊருக்கு ஒரு தகராறும் வந்தது. கல் ஓடையில் இருந்தது. அங்கே யார் துணி யார் துணியோடு சேர்கிறது என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. நாற்பது வீட்டுத் துணியும் ஒரே வெள்ளாவியில்தான் வேகும். அடையாளத்துக்குக் குறி இருக்கும். சேங்கொட்டைப் பாலைத் தொட்டு, சுண்ணாம்பைத் தடவி, கரையோரத்தில் புள்ளியும் கோடுமாக வைப்பது. கறுத்துவிட்டால் துணி நைந்தாலும் குறி போகாது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கு அந்தக் குறிகள்தான் ஊர்க் கணக்கு. அந்தப் பால் பட்டால் சிலருக்குத் தோல் வெந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்துப் பின்பக்கம் புண் வந்து, அது வண்ணான் குறியால் வந்தது என்று 1943-இல் அவர்களுடைய மருத்துவ இதழில் எழுதும்படி ஆயிற்று. அப்பத்தாவின் கட்டைவிரல் முழுக்க அந்தக் கறுப்பு.

மெஷின் ஓடையில் இல்லை, எங்கள் வாசலில் இருந்தது. வாசல் வழியாகப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருநாள் பெரிய வீட்டு அம்மா ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில், தோட்டக் கூலிக்காரர் வீட்டுத் துண்டு ஒன்று உருளைக்குள் போய் வெளியே வந்தது. அடுத்ததாகப் போனது அவர் வீட்டுக்காரரின் வேட்டி. அவர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் ஆள் வந்தது. இனி எங்கள் வீட்டுத் துணி அந்த மெஷினில் ஏறக் கூடாது, கல்லும் கையும்தான்.

"சரிங்கம்மான்னு சொல்லிருப்பா" என்றாள் அப்பத்தா. அப்படியே செய்தாள். கார்த்திகை மாதம் முழுக்க அந்த வீட்டுத் துணியை மட்டும் கையால் பிழிந்தாள். அவள் குறைவைக்கவில்லை, நன்றாகவே பிழிந்தாள். ஆனால் எல்லா வீட்டுக்கும் மறுநாள் போன துணி அங்கே நாலாம் நாள் போயிற்று, அதுவும் ஈரம் வீசிக்கொண்டு. மார்கழி பிறந்து, வைகுண்ட ஏகாதசிக்குக் கட்ட உலர்ந்த வேட்டி இல்லை என்றபோது அதே ஆள் மறுபடியும் வந்தான். "எதுல போட்டாலும் சரி, காஞ்சு வந்தா போதும்னாங்க."

இந்தக் கதையை எண்ணும்போதெல்லாம் எனக்கு எல்லன் எக்லின் ஞாபகம் வரும். வாஷிங்டன் நகரத்தில் இருந்த கறுப்பினப் பெண். துணி பிழியும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தாள். 1888-இல் அதன் உரிமையை ஒரு வியாபாரிக்குப் பதினெட்டு டாலருக்கு விற்றுவிட்டாள். ஏன் இவ்வளவு மலிவாக விற்றாய் என்று பெண் கண்டுபிடிப்பாளர்களுக்காக நடந்த ஒரு பத்திரிகை கேட்டபோது, செய்தவள் கறுப்பினப் பெண் என்று தெரிந்தால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வாங்கமாட்டார்கள் என்பதை அவள் மறைக்காமல் சொன்னாள். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வாங்கினார்கள். கருவி நன்றாக விற்றது. யார் செய்தது என்று தெரியாதவரை அவர்களுக்குச் சங்கடமில்லை, யார் துணி முன்னால் போனது என்று தெரியாதவரை எங்கள் பெரிய வீட்டம்மாவுக்குச் சங்கடமில்லை.

பிற்பாடு பெரிய கம்பெனிகள் வந்தன. அயோவாவின் நியூட்டன் ஊரில் கதிரடிக்கும் எந்திரங்களுக்கு உறுப்புகள் செய்து 1893-இல் தொடங்கிய மேடாக், 1907-இல் துவைப்பு எந்திரத்தில் இறங்கியது. முதல் மாடலுக்கு அவர்கள் வைத்த பெயருக்குத் தமிழில் 'பொழுதுபோக்கு' என்று பொருள். அதற்கடுத்து வந்த ஒன்றுக்கு 'கூலிக்காரப் பெண்'. முதல் பெயரை வைத்தவர் வாழ்நாளில் ஒரு போர்வையைக்கூடப் பிழிந்திருக்கமாட்டார் என்று அடித்துச் சொல்வேன். இரண்டாவது பெயரிலாவது யார் வேலையை எந்திரம் செய்கிறது என்ற உண்மை இருக்கிறது. கரண்டு வராத பண்ணை வீடுகளுக்குப் பெட்ரோல் எஞ்சின் வைத்தும் விற்றார்கள். 1922-இல் தொட்டியின் அடியிலிருந்து துணியைப் புரட்டும் மாடல் வந்து சந்தையைப் பிடித்தது. உருளை வைத்த மெஷினை அந்தக் கம்பெனி 1983 வரை செய்துகொண்டிருந்தது. தானாகவே துவைத்துப் பிழியும் மெஷின்கள் வந்து பல பத்தாண்டு ஆன பிறகும் பிடிவாதமாக இதையே வாங்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரிகிறது. ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, அடுத்து சாயத்துணி, கடைசியில் காட்டுத்துணி என்று மூன்று ஈடு எடுக்கலாம். உருளை சோப்புத் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். தண்ணீரும் சோப்பும் மிச்சம் என்றால் சம்சாரி எந்த நாட்டிலும் கேட்பான்.

கெட்ட பெயரும் அதற்கு உண்டு. ஒன்பது வயதில் துணியின் நுனியோடு என் வலது கையின் நடுவிரலையும் உள்ளே கொடுத்துவிட்டேன். சுற்றிக்கொண்டிருந்தவள் என் அக்கா. நான் கத்தியதும் பதறிப்போய், நிறுத்துவதற்குப் பதிலாக இன்னும் அரைச் சுற்றுச் சுற்றினாள். அப்பத்தா வந்து திருகாணியைக் கழற்றுவதற்குள் நகம் கறுத்துவிட்டது. கைமெஷின் என்பதால் விரலோடு போயிற்று. கரண்டு மெஷின் நிற்காது. விரலில் பிடித்து முழங்கை, தோள் என்று ஏறும். 1938-இல் மெக்கல்லம் என்ற அமெரிக்க டாக்டர் இப்படிச் சிதைந்த 26 கைகளைப் பற்றி எழுதியபோது, அந்தக் காயத்துக்கு 'ரிங்கர் கை' என்றே பெயர் ஆகியிருந்தது. தட்டினால் உருளைகள் விலகிக்கொள்கிற ஏற்பாட்டையும் மெஷின்களில் வைத்தார்கள். என் நகம் இப்போதும் கோணல்தான். அக்கா இன்றைக்கும் அது தன் தப்பில்லை என்கிறாள்.

மெஷினால் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், நான் கைவலியை முதலில் சொல்லமாட்டேன். அப்பத்தாவுக்கு நாள் சொல்ல முடிந்தது. அதுதான் பெரிது. அதுவரை மழைக்காலத்தில் "எப்போ வரும்?" என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பதுதான் பதில். ஊர் வீடுகளுக்கு அது போதும். அவர்கள் காசு கொடுப்பவர்கள் இல்லை. அறுப்புக்கு இவ்வளவு தானியம், வெட்டுக்கு ஒரு வாழைத்தார், தினம் ராத்திரிச் சோறு. நாள் சொல்லாத வேலைக்கு நாள் சொல்லாத கூலி. ஆனால் எஸ்டேட் ரைட்டர், வாத்தியார், பஸ் கண்டக்டர் போன்றவர்கள் வேறு மாதிரி. அவர்களுக்கு இருப்பது இரண்டு செட் உடுப்பு; திங்கட்கிழமை ஒன்று வேண்டும். "திங்கக்கிழம காலைல தர்றேன்" என்று மழைக்காலத்தில் சொல்லி, சொன்னபடி கொடுக்கிறவளுக்கு உருப்படிக்கு இவ்வளவு பைசா என்று கையில் காசு கொடுத்தார்கள். காஞ்சிபுரத்து ஏகாலியர் கொடுத்து, மழை கெடுத்த வாக்கு. எங்கள் அப்பத்தா அதைக் கொடுத்து, காப்பாற்றி, காசும் வாங்கினாள்.

மெஷின் வந்து இரண்டாம் வருடம் ராத்திரிச் சோறு எடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். அதுவரை பொழுது சாய்ந்ததும் நானும் அக்காவும் குண்டான் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். ஒரே குண்டானில் பத்து வீட்டுக் குழம்பு. என்னோடு படிக்கிற பையன்தான் சில வீட்டில் கதவைத் திறப்பான். அதைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தபோது ஒரே ராத்திரியில் படித்தேன். அந்தச் சனங்கள் எங்களைவிடவும் கீழே வைக்கப்பட்டவர்கள். ஆனாலும் குண்டான் ஒன்றுதான். கடைசியாக எடுத்த நாள் எது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அப்பத்தா உலை வைத்தாள், நாங்கள் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பத்துப் பதினொரு வருடம் ஓடியது. பிறகு ரப்பர் இறுகி, பாளம் பாளமாக வெடித்தது. அப்பா உருளையின் மேல் சைக்கிள் டியூபை இறுக்கி மாட்டிப் பார்த்தார். ஒரு மாதம் தாங்கியது. டியூபின் ஒட்டுப்போட்ட இடம் வேட்டிகளில் கறுப்புக் கோடு போட ஆரம்பித்ததும் அதையும் விட்டோம். திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் புது ரப்பர் வார்த்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டவர், ஆறு மாதம் கழித்து உருளைகளை அப்படியே திருப்பிக் கொடுத்தார். முன்பணம் வரவில்லை. அதற்குள் பாலியெஸ்டர் வந்துவிட்டது. பாலியெஸ்டர் சட்டை பிழியாமலே காயும். வெள்ளாவியும் வேண்டாம், வண்ணாரும் வேண்டாம். வீட்டுக்கு வீடு நீல சோப்பும் பிளாஸ்டிக் வாளியும் வந்தன. அப்பா இஸ்திரிப் பெட்டிக்கு மாறினார். எங்கள் தொழிலைத் துவைப்பு எந்திரம் அழித்தது என்று சொல்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை. எந்திரம் ஊருக்குள் வருவதற்கு வெகு முன்னாலேயே நூல் மாறிவிட்டது.

எந்திரமும் வந்தது. 1980-களின் கடைசியில் வீடியோகான், டி.வி.எஸ். வேர்ல்பூல் என்று பத்திரிகைகளில் விளம்பரம். என் மனைவி 1996-இல் இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கினாள். ஒரு தொட்டி துவைக்க, ஒரு தொட்டி பிழிய. பிழிகிற தொட்டியைத் தமிழ்நாட்டில் எல்லோரும் டிரையர் என்கிறார்கள். அது காயவைப்பதில்லை, சுழற்றித் தண்ணீரைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் டிரையர் என்று பெயர் வைத்த ஜனங்கள் தப்புச் செய்யவில்லை என்பது என் கட்சி. பிழிந்துவிட்டால் பாதி காய்ந்த மாதிரிதான் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அப்பத்தா அப்போது இருந்தாள், கண் மங்கிப்போய். டிரையருக்குள் கைவிட்டு ஒரு பனியனை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "கரும்பு மெஷின்ல இன்னும் கொஞ்சம் எறங்கும்" என்றாள். நான் எடை போட்டுப் பார்க்கவில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மரச் சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது. உருளைகளின் இரும்பு அச்சு பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. கைப்பிடி மட்டும் பாச்சலூரில் இருக்கிறது. என் மைத்துனர் தன் தோட்டத்தில் காப்பிப் பழம் தோலுரிக்கிற கைப் பல்பரின் பிடி உடைந்தபோது, இதைத் தேடி எடுத்துத் துளையை ராவி மாட்டிவிட்டார். நீளம் ஒரு விரற்கடை குறைவு. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுற்றுகிறவர் முட்டி, பழம் போடுகிற தொட்டியின் விளிம்பில் உரசும். போன மார்கழியில் போயிருந்தபோது நானும் அரை மூட்டை சுற்றினேன். முட்டியில் தோல் போய்விட்டது. புதுக் கைப்பிடி வாங்கு என்று சொன்னால், இது அமெரிக்கச் சாமான் மாமா, தேயாது என்கிறார்.